ஆச்சி: யாருடைய பாட்டி என்று கேட்காத சொல்

யுத்தம் முடிந்து, ஏ-9 வீதியால் கொழும்புக்குப் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்த காலம். ஆச்சியின் கண் வைத்தியத்துக்காக நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு தேநீர்க் கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கடை வாசலில் நின்றபோது பின்னால் இருந்து ஒரு சின்னப் பையன் "ஆச்சி!" என்று கத்தினான். என்னுடைய ஆச்சி சட்டென்று திரும்பி, "என்ன ராசா?" என்றார்.

பையன் திகைத்துப் போனான். அவன் கூப்பிட்டது தன்னுடைய பாட்டியை. வெள்ளைச் சட்டையும் சீத்தையும் உடுத்த ஒரு சிங்கள மூதாட்டி எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். ஒரே கூப்பிடலுக்குத் திரும்பிய இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு ஆச்சி என்னிடம் சொன்னார்: "அவையளும் ஆச்சி எண்டு தானே சொல்லினம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

ஆச்சிக்குச் சிங்களத்தில் தெரிந்திருந்த ஒரே சொல் அதுதான். அதுவும் தெரியும் என்று தெரியாமலே தெரிந்திருந்தது.

இன்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஆச்சி என்று கூப்பிடுவதில்லை. என் அக்காவின் மகள் என் அம்மாவை அம்மம்மா என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே. அம்மம்மா நல்ல சொல்தான், பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆச்சி செய்த ஒரு வேலையை அந்தச் சொல்லால் செய்ய முடியாது. அது என்ன வேலை என்பதைப் பார்ப்பதற்கு, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் யாரையெல்லாம் குறித்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு தீவு, பல பாட்டிகள்

இலங்கையில் தமிழ் பேசுபவர்கள் பாட்டியைக் கூப்பிடும் சொற்களை அடுக்கினால் அதுவே ஒரு வரைபடமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பம்மா, அப்பாச்சி, ஆச்சி. சில ஊர்களில் பெத்தாச்சி. கிழக்கில் அம்மம்மாவோடு அம்மாச்சி, பெத்தா. முஸ்லிம் வீடுகளில் உம்மும்மா, வாப்பும்மா, மூத்தம்மா. மலையகத்தில் பாட்டி, அம்மாயி, அப்பாயி. இந்தக் கடைசி இரண்டும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களோடு கப்பலேறி வந்த சொற்கள்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, உறவின் வழியைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பது. அம்மம்மா என்றால் அம்மாவின் அம்மா. அப்பம்மா என்றால் அப்பாவின் அம்மா. உம்மும்மா, வாப்பும்மா என்பவையும் அதே கட்டமைப்புத்தான். இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. மலையாளத்தில் தாயின் தாய் அம்மம்மா, தந்தையின் தாய் அச்சம்மா. நோர்வேயில் வளரும் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்கும் 'மொர்மொர்', 'ஃபார்மொர்' என்ற சொற்களும் இப்படித்தான்: தாய்-தாய், தந்தை-தாய். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மம்மாவை விளங்கப்படுத்துவது மிகச் சுலபம்.

இரண்டாவது வகை, வழியைச் சொல்லாதது. பாட்டி, ஆச்சி, மலையகத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் வழங்கும் ஆயா. இவற்றில் எந்தப் பக்கத்துப் பாட்டி என்ற தகவல் இல்லை. தாய் வழியா, தந்தை வழியா என்பதை வேறு சொல் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தென்னிந்திய உறவுமுறையை ஆராய்ந்த மானிடவியலாளர்கள் கவனித்த ஒரு விடயம் இங்கே பொருந்துகிறது. பெற்றோரின் தலைமுறையில் தமிழ் மிகக் கறாரான மொழி. தாயின் சகோதரன் மாமா, தந்தையின் சகோதரன் சித்தப்பா அல்லது பெரியப்பா. இருவரையும் மாற்றிச் சொல்ல முடியாது. ஏனென்றால் யாருடைய பிள்ளையைக் கட்டலாம், யாருடைய பிள்ளை சகோதர முறை என்பது அதில் தங்கியிருக்கிறது. ஆனால் பாட்டன் பாட்டி தலைமுறைக்கு வந்தால் அந்தக் கறார் தளர்ந்துவிடுகிறது. இரண்டு பக்கத்துப் பாட்டியையும் ஒரே சொல்லால் அழைக்கலாம். தோமஸ் ட்ரவுட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

தாயாக இருந்த ஆச்சி

ஆச்சி எப்போதும் பாட்டியாகவே இருந்ததில்லை. தமிழ் அகராதிகள் அதற்குத் தாய், பாட்டி, மதிப்புக்குரிய மூத்த பெண் என்ற பொருள்களைத் தருகின்றன. யாழ்ப்பாணத்தில் இந்த முதற்பொருள் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. இப்போது எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் தங்கள் பெற்றோரை அப்பு, ஆச்சி என்றே அழைத்திருப்பார்கள்.

இதற்குச் சான்று இன்னும் எங்கள் பேச்சில் இருக்கிறது. தாயின் தங்கையைச் சின்னாச்சி, குஞ்சாச்சி என்றும், தமக்கையைப் பெரியாச்சி என்றும் அழைத்த வீடுகள் உண்டு. சின்னாச்சி என்பது சின்னப் பாட்டி அல்ல, சின்ன அம்மா. இன்றைய சின்னம்மா, பெரியம்மா என்பவற்றில் அம்மா இருக்கும் இடத்தில் அன்றைக்கு ஆச்சி இருந்திருக்கிறது. பழைய உறுதிகளைப் புரட்டினால் சின்னாச்சி, செல்லாச்சி என்று பெண்களின் பெயர்களாகவும் இதைக் காணலாம்.

அப்படியானால் தாய் எப்படிப் பாட்டி ஆனாள்? எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா தன் தாயை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த நானும் அக்காவும் அவரை ஆச்சி என்றோம். ஆனால் எங்கள் தாயை நாங்கள் அம்மா என்றோம், ஏனென்றால் அதற்குள் ஊர் முழுவதும் அம்மாவுக்கு மாறியிருந்தது. ஆக, ஒரே மனிதர் மகளுக்கும் ஆச்சி, பேத்திக்கும் ஆச்சி. மகளுக்கு அது தாய் என்ற பொருள். பேத்திக்குப் பாட்டி என்ற பொருள். சொல் ஆளைவிட்டு நகரவில்லை, அதே ஆளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றி இருந்தவர்களின் தலைமுறைதான் மாறியது. இப்படிப் பல வீடுகளில் நடந்தபோது சொல்லின் பொருளும் மாறியது.

வேர்

ஆச்சியின் வேரை 'ஆய்' என்ற சொல்லில் காண்பவர்கள் பலர். ஆய் என்றால் தாய். ஆயி, ஆயா எல்லாம் அதன் உறவினர். சங்கத் தமிழில் இந்த வேர் இன்னும் நுணுக்கமாக இயங்கியது. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தாய். தந்தைக்கும் இதே மாதிரி எந்தை, நுந்தை, தந்தை என்று மூன்று. யாருடைய தாய் என்பது சொல்லின் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். இன்று நாம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் தாய், ஒரு காலத்தில் மூன்றாமவரின் தாய் மட்டுமே.

அந்த ஆயோடு பெண்ணைக் குறிக்கும் 'ச்சி' விகுதி சேர்ந்து ஆய்ச்சி, பிறகு ஆச்சி. மருத்துவச்சி, தங்கச்சி போன்றவற்றின் கடைசியில் நிற்கும் அதே 'ச்சி'தான் இது. நடுவில் இருந்த யகரம் பேச்சில் விழுந்துவிடுவதும் எங்களுக்குப் புதிதல்ல. காய்ச்சலைக் காச்சல் என்றுதானே சொல்கிறோம்.

இன்னொரு விளக்கம், ஆயர் குலப் பெண்ணைக் குறிக்கும் ஆய்ச்சியில் இருந்து இது வந்தது என்பது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு காதையே உண்டு. கன்னடத்திலும் மராத்தியிலும் பாட்டியைக் குறிக்கும் அஜ்ஜி, ஆஜி ஆகியவற்றோடு ஆச்சியை இணைத்துப் பார்ப்பவர்களும் உள்ளனர். ஆனால் உறவுச் சொற்களில் ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் குழந்தையின் வாயில் முதலில் உருவாகும் ஒலிகளில் இருந்து பிறப்பதால், தொடர்பே இல்லாத மொழிகளிலும் ஒரே மாதிரி அமைந்துவிடுகின்றன என்பது அவரது வாதம். ஆகவே வேர் தேடும்போது ஒலியைவிட, ஒரு சொல் அக்கம்பக்கத்து மொழிகளில் எப்படிப் புழங்குகிறது என்பது கூடுதலாக உதவும்.

அப்படிப் பார்த்தால் ஆச்சியின் புழக்கம் பரந்தது. திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் நகரத்தார் சமூகத்துப் பெண்களை மதிப்போடு ஆச்சி என்பார்கள், இளம் மனைவிகளைக்கூட. நடிகை மனோரமா காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் வளர்ந்தவர். ஆச்சி என்ற அடைமொழி அவரோடு நிலைத்தது. மலையாளத்தில் பாட்டியைக் குறிக்கும் முத்தச்சியின் கடைசியிலும், அம்மச்சியின் கடைசியிலும் இதன் சாயல் தெரிகிறது.

சிங்களத்து ஆச்சி

தேநீர்க் கடை வாசலில் கேட்ட ஆச்சிக்கு வருவோம். சிங்களத்தில் பாட்டியைக் குறிக்கும் மிகப் பரவலான சொல் அதுதான். சில இடங்களில் ஆச்சி அம்மா என்றும் சொல்வார்கள். ஆத்தம்மா என்றும் ஒரு சொல் உண்டு. அது தமிழ்நாட்டு ஆத்தாவையும் அப்பத்தாவையும் நினைவூட்டும்.

சிங்களம் இந்தோ-ஆரிய மொழி, தமிழ் திராவிட மொழி. ஆனாலும் வீட்டுக்குள் இரண்டும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்கு உறவுச் சொற்களே சாட்சி. அம்மா, அக்கா, மாமா இரண்டிலும் உண்டு. தங்கையைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள், தமிழில் நங்கை உண்டு. கண்டிப் பக்கத்தில் தந்தையை அப்பச்சி என்பார்கள், செட்டிநாட்டிலும் தந்தை அப்பச்சிதான். சொற்கள் மட்டுமல்ல, உறவுமுறையின் அமைப்பே ஒன்று. மாமன் மகள், அத்தை மகள் முறைப்பெண் என்பதும், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் சகோதரர் என்பதும் சிங்களவருக்கும் பொது. அதனால்தான் ட்ரவுட்மன் போன்றவர்கள் சிங்கள உறவுமுறையைத் திராவிட வகைக்குள் வைத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் ஒரே சொல் என்பதால் ஒரே பொருள் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். தாத்தா என்ற சொல்லை எடுங்கள். தமிழருக்கு அது பாட்டன். சிங்களவருக்குத் தகப்பன். இலங்கை முஸ்லிம்கள் பலருக்கு மூத்த சகோதரி. "தாத்தா வாறா" என்று ஒரு முஸ்லிம் நண்பி சொன்னதைக் கேட்டு, யாரோ வயதானவர் வரப்போகிறார் என்று நான் எழுந்து நின்றிருக்கிறேன். வந்தது அவளுடைய அக்கா. இந்தச் சின்னத் தீவுக்குள் ஒரு சொல் மூன்று தலைமுறைகளில் மூன்று ஆட்களாக நிற்கிறது. அந்த வகையில், இரண்டு மொழியிலும் ஒரே ஆளையே குறிக்கும் ஆச்சி ஓர் அபூர்வம்.

சந்தையில் ஓர் ஏழு வயது ஆச்சி

அக்காவின் மகள் நோர்வேயில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். ஏழு வயது. திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். மரக்கறிக் கடைக்காரப் பெண் அவளைப் பார்த்து, "என்ன ஆச்சி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வெளியே வந்ததும் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "ஏன் என்னைப் போய்ப் பாட்டி எண்டவ?"

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் பெண் பிள்ளைகளை "வாணை ஆச்சி", "என்ர ஆச்சி எல்லே" என்று கொஞ்சுவார்கள். ஆண் பிள்ளைகளை அப்பு என்பார்கள், பாட்டனையும் அப்பு என்பார்கள். பிள்ளையைப் பார்த்து "என்னம்மா" என்பதும் இதே வழக்கம்தான். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது எங்களிடம் பழைய வழக்கம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வயதில் மிக மூத்தவரும் மிக இளையவரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மேலே போனால் மரியாதை, கீழே வந்தால் செல்லம்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். அந்தக் கடைக்காரப் பெண் எங்களுக்கு யாரும் இல்லை. அக்காவின் மகளை முதல் தடவையாகப் பார்க்கிறார். இருந்தும் ஆச்சி என்று கூப்பிட அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அதேபோல, ஒரு மூதாட்டி அங்கே கீரை விற்றுக்கொண்டிருந்தால் நான் அவரை ஆச்சி என்று கூப்பிட முடியும். அம்மம்மா என்று கூப்பிட முடியுமா? முடியாது. அவர் என் அம்மாவின் அம்மா அல்ல. அந்தச் சொல்லுக்குள் என் அம்மா இருக்கிறார், ஆகவே அது என் வீட்டு வாசலைத் தாண்டாது. ஆச்சிக்குள் யாரும் இல்லை. அதனால் யாரும் உள்ளே வரலாம்.

1995 ஒக்டோபர் 30

வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவைப் பற்றி அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அவரது இடுப்பில் இருந்தேனாம். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். அடி எடுத்து வைக்க இடமில்லை. ஆச்சியால் அதற்கு மேல் நடக்க முடியாமல் வீதிக் கரையில் இருந்துவிட்டார். "என்னை விட்டிட்டுப் போங்கோ" என்று சொன்னாராம்.

அப்போது சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்த ஒரு பொடியன் நின்று, "எணை ஆச்சி, இதில ஏறுங்கோ" என்றிருக்கிறான். தன்னுடைய மூட்டை ஒன்றை இறக்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஆச்சியைப் பின் கரியரில் ஏற்றி, பாலம் கடக்கும் வரை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மறுகரையில் மூட்டையை வாங்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டான். பெயர் கேட்க மறந்துபோனோம் என்று அம்மா ஒவ்வொரு முறையும் வருத்தப்படுவார்.

அந்தப் பொடியன் உதவி செய்ததற்குக் காரணம் ஒரு சொல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு கிழவியிடம் போய்ப் பேச்சைத் தொடங்க அவனிடம் ஒரு சொல் தயாராக இருந்தது.

கிடைக்காதவர்களும் இருந்தார்கள்

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஆச்சி எல்லோருக்கும் கிடைத்த சொல் அல்ல. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மூதாட்டியை ஆதிக்க சாதிச் சிறுவன் பெயர் சொல்லி அழைத்தான். அவரோ அந்த வீட்டுப் பெண்களை நாச்சியார் என்று அழைக்க வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்கள் பதிவுசெய்த உலகம் இது. அந்த வீடுகளிலும் ஆச்சிகள் இருந்தார்கள். வெளியே வந்தால் அந்தச் சொல் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. யாரும் உள்ளே வரலாம் என்று நான் மேலே எழுதியது மொழியின் இயல்பு. வாசலில் ஆள் நிறுத்தியது சமூகம்.

இன்றைக்கும் இந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. ஊடகத்தில் வேலை செய்பவள் என்ற வகையில் நாங்கள் எழுதும் செய்திகளைக் கவனிக்கிறேன். விபத்தில் இறந்தால் 'வயோதிபப் பெண்'. நூறு வயதைத் தாண்டினால் 'மூதாட்டி'. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் இருப்பவர்கள் 'தாய்மார்'. செய்தி மொழிக்கு இவை தேவைதான். ஆனால் அந்தக் கொட்டகையில் போய் இருந்து கதைக்கும்போது யாரும் "வயோதிபப் பெண்ணே" என்று தொடங்குவதில்லை. "ஆச்சி, சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கதை தொடங்குகிறது.

ஏன் குறைகிறது?

இப்போது தெருவில் ஆச்சி குறைந்து, 'அன்ரி' கூடிவிட்டது. அறுபது வயதுப் பெண்ணை ஆச்சி என்றால் அவர் முகம் சுருங்குகிறது. காரணம் விளங்குகிறது. அந்தச் சொல்லுக்கு இப்போது வயதும் கிராமமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மசாலாப் பக்கெற்றிலும் உணவகப் பெயர்ப் பலகையிலும் அது விருப்பத்துக்குரிய சொல். வடக்கில் பெண்கள் நடத்தும் உள்ளூர் உணவகங்களுக்கு 'அம்மாச்சி' என்று பெயர். அங்கே போய் வரிசையில் நின்று தோசை வாங்குகிறோம். பழைய ருசி வேண்டும் என்றால் ஆச்சி வேண்டும். ஆனால் ஆச்சியாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை.

என் அம்மாவிடமே கேட்டேன். தன் தாயை வாழ்நாள் முழுக்க ஆச்சி என்று கூப்பிட்டவர், தன் பேத்தியை ஏன் அம்மம்மா என்று சொல்லப் பழக்கினார்?

"ஆச்சி எண்டால் என்னவோ கிழவி மாதிரிக் கிடக்கு. எனக்கென்ன அவ்வளவு வயசு போட்டுதே?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு வட்ஸ்அப்பில் நோர்வேயில் இருந்து அழைப்பு வந்தது. பேத்தி எதற்கோ கோபித்துக்கொண்டு கமராவுக்கு முகத்தைக் காட்டாமல் இருந்தாள். அம்மா போனைக் கிட்டப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"இஞ்ச பாரணை. என்ர ஆச்சி எல்லே. ஒருக்கா அம்மம்மாவைப் பாரணை."